வீட்டில் இல்லாத பலாப்பழம்

எங்க வீட்டுக்குள்ள பலாப்பழம் வரக் கூடாதுன்னு சட்டம் போட்டவ நான்தான். பண்ருட்டிப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு இப்படியும் ஒரு சட்டமான்னு எங்க பிளாக்ல எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையில அடங்குற சர்க்கரை இல்ல, வேளா வேளைக்கு இன்சுலின் குத்திக்கிட்டாத்தான் ஓடுற உடம்பு. ரெண்டு சுளை உள்ள போச்சுன்னா மனுஷன் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அதனால ஆனி மாசம் முத்தாண்டிக்குப்பம் ரோட்டுல ரெண்டு பக்கமும் பழத்தைக் குவிச்சு வெச்சிருந்தாலும், நான் பஸ் ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் போவேன்.

அப்படிப்பட்ட வீட்டுல, போன வருஷம் ஒரு நாள் காலையில, பலாப்பழ வாசனை வந்துச்சு.

லேசா இல்ல. இன்னைக்கு அறுக்கலேன்னா நாளைக்குக் குப்பைக்குத்தான்ங்கிற பக்குவத்துல ஒரு பழம் இருந்தா எப்படி வாசனை வரும், அப்படி. அதுக்கு அடியில நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி மூக்கைக் கூச வைக்கிற ஒரு வாடையும் இருந்துச்சு. நான் அடுப்பை அணைச்சிட்டுத் தேட ஆரம்பிச்சேன். கட்டிலுக்கு அடியில பார்த்தேன். லாஃப்ட்ல ஏறிப் பார்த்தேன். துணி அலமாரி, ஸ்கூட்டர் பெட்டி, பின்பக்கம் வாழை மரத்தடி, ஒண்ணு விடல. ஒரு முள்ளுத் தோலு கூட அகப்படல.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னு நேரா அவர்கிட்டயே கேட்டேன்.

"எத?"

"பழத்த."

"என்னா பழம்? வாசனையா? எனக்கு ஒண்ணும் வரலியே."

நான் டவுன்ஷிப்புல ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர். சாக்லேட் தின்னுட்டு இல்லைன்னு சாதிக்கிற மூஞ்சியை தினமும் நூறு பார்க்கிறவ. அவர் மூஞ்சியிலயும் ஒரு பொய் உக்காந்திருந்துச்சு, சத்தியமா சொல்றேன். ஆனா அது பழத்தைப் பத்தின பொய் மாதிரி தெரியல. வேற ஏதோ. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் வீடு திரும்பினப்போ வாசனையே இல்ல. ஜன்னல் கதவெல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு, நான் பூட்டின பூட்டு பூட்டினபடிதான் இருந்துச்சு, ஆனா வாசனை எங்கயோ எழுந்து போயிடுச்சு. சரி, அக்கம்பக்கத்து வீட்டு வாசனையா இருக்கும்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு அவர் வந்தார். வாசல் கேட்டு கிரீச்சுன்னுச்சு. அவர் செருப்பு கழட்டுறதுக்கு முன்னாடி, அவருக்கு முன்னாடியே, அது உள்ள வந்துச்சு.

கையில இருந்த டம்ளரை அப்படியே கீழ வெச்சிட்டேன். ஏன்னா அது மரம் செடி மேலேர்ந்து வர்ற வாசனை மாதிரி வரல. ஆள் வர்ற மாதிரி வந்துச்சு. அவரோட வந்துச்சு, அவரோட கூடத்துல உக்காந்துச்சு, அவர் குளிக்கப் போனா பாத்ரூமுக்குப் போச்சு. ராத்திரி அவர் தலையணையில இருந்துச்சு. காலையில அவர் வேலை பார்க்கிற நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளம்பினா கூடவே கிளம்பிப் போயிடுச்சு. இது ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாளுக்கு நாள் கனமாகிக்கிட்டே போச்சு.

பாத்ரூம் தரையில எறும்பு சாரை சாரையா போய்க்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடுச்சு. சர்க்கரை ஏறினவங்க ஒண்ணுக்குப் போன இடத்துலதானே எறும்பு மொய்க்கும்? "கேண்டீன்ல உக்காந்து பலாப்பழம் தின்னுட்டு வர்றீங்க, அதான் ஆளோட சேர்ந்து வாசனையும் வருது! என்னை என்ன பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?"ன்னு கத்தினேன். அவர் ஒரு சொம்பு தண்ணியை மடமடன்னு குடிச்சிட்டு, "உம்மேல சத்தியமா தொடல"ன்னார். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணா மட்டும் பழம் செரிச்சிடுமான்னு கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்ல. கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. வெயில்ல வேலை பார்க்கிற உடம்பு, வாடத்தான் செய்யும்னு நெனச்சேன்.

கணையம்னு உடம்புல ஒண்ணு இருக்குங்கிறதே எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்குமாம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீரும் அதுலதான் ஊறுது, இன்சுலினும் அதுலதான் சுரக்குது. எங்க வீட்டுக்காரருக்கு அதுக்குள்ள பூரா கல். எக்ஸ்ரேயில பார்த்தா கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா தெரியும். குடிகாரங்களுக்கு வரும்பாங்க, இவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. நம்ம பக்கத்து ஊர்கள்ல குடிக்காதவங்களுக்கும் சில குடும்பத்துல இது வழிவழியா வரும்னு டாக்டர் சொன்னாங்க. கல்லு சேரச் சேர இன்சுலின் சுரக்கிற அணுவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போயிடும். ரொம்ப வருஷம் ஆனா புத்துநோய் வர்ற பயமும் உண்டு.

அந்தப் பயம் பலிச்சது இவருக்கு இல்ல, இவரோட அண்ணனுக்கு.

நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன். கம்மாபுரம் பக்கத்துல இவங்க ஊரைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கிட்டப்போ, நிலத்துக்கு ஈடா வீட்டுக்கு ஒரு வேலைன்னு வந்ததைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துட்டு, தான் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்லயே கிடந்தவர். வருஷா வருஷம் ஆனியில ஒரு பலாப்பழத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டு எங்க குவார்ட்டர்ஸுக்கு வருவார். என் சட்டம் அவருக்குத் தெரியும். வாசல்படிக்கு வெளிய இறக்கி வெச்சிட்டு, "படி தாண்டல பாத்துக்கம்மா"ன்னு சிரிப்பார். வெளியவே உக்காந்து, கையில எண்ணெய் தடவிக்கிட்டு, பழத்தை அறுத்து, என் பசங்க ரெண்டு பேருக்கும் ஊட்டிட்டு, தம்பிக்கு ஒரு சுளை கூடக் கொடுக்காம தோலை அள்ளிக்கிட்டுப் போவார். நல்ல மனுஷன். வயித்து வலியை வாயுன்னு சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளிட்டார். கண்டுபிடிச்சப்போ எல்லாம் பரவிடுச்சு. அவர் போனதும் ஒரு ஆனி மாசம்தான்.

அந்த ஊரை நான் பார்த்ததே இல்ல. பார்க்கவும் முடியாது. கல்யாணமான புதுசுல, "வா, எங்க வூட்டக் காட்டுறேன்"னு சொல்லி சுரங்கத்து விளிம்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். கீழ எட்டிப் பார்த்தா தலை சுத்துற பள்ளம். அடியில மெஷினெல்லாம் தீப்பெட்டி அளவுக்கு நகருது. இவர் கையைக் கீழ காட்டல, நேரா நீட்டினார். பள்ளத்துக்கு மேல, ஒண்ணுமே இல்லாத காத்துல ஒரு இடத்தைக் காட்டி, "அதோ, அங்கதான் வூடு. அதுக்குப் பக்கத்துல பலா மரம்"னார். நானும் எட்டி எட்டிப் பார்க்கிறேன். வீடு நின்ன தரையையே அள்ளிட்டுப் போயாச்சு. அந்த உயரத்துல ஒரு பருந்து மட்டும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. "போதும், வாங்க போலாம்"னு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

மாமா போனதுலேர்ந்து இவருக்கு ஒரே நெனப்பு. என்ன நெனப்புன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டார், கை காட்டிக் கொடுத்துடும். டீவி பார்க்கும்போதும் கை தொப்புளுக்கு மேல போய் உக்காந்துக்கும். போன்ல வர்றதையெல்லாம் படிப்பார். ஸ்டெம் செல், குருத்தணு, கணையம் மறுபடி வளருது, சர்க்கரைக்கு விடுதலை. சென்னைக்கு செக்கப்புக்குப் போனப்போ டாக்டரம்மாகிட்ட கேட்டே கேட்டுட்டார், "புதுக் கணையம் முளைக்க வெக்கலாமாமேங்க?"

அந்தம்மா சிரிக்கல. பொறுமையா சொன்னாங்க. "ஸ்டெம் செல்ங்கிறது, தான் என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத அணு. அதை லேப்ல வெச்சுப் பழக்கி, இன்சுலின் சுரக்கிற அணுவா மாத்துறாங்க. அது நிஜம்தான். சிலருக்கு உடம்புக்குள்ள வெச்சு, ஊசி இல்லாம இருந்திருக்காங்க, அதுவும் நிஜம். ஆனா இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு. வெளி அணுவை உடம்பு ஏத்துக்க வேற மருந்து வேணும். அதோட, வளர்றதை வளர வேண்டிய இடத்துல நிறுத்தவும் தெரியணும்."

"நிக்கலன்னா?"

"அதுக்குத்தான் இவ்ளோ வருஷமா சோதிக்கிறாங்க. புத்துநோய்க்குள்ளயும் இதே மாதிரி வேர் அணு இருக்குன்னு சொல்றாங்க. மருந்து கொடுத்து மேல இருக்கிறதை அழிச்சாலும், அந்த வேர் தப்பிச்சா திரும்பத் துளிர்க்குது. முளைக்கிற சக்திக்கு நல்லது கெட்டது தெரியாதுங்க."

நான் அதுல பாதியைத்தான் புரிஞ்சிக்கிட்டேன். அவர் எந்தப் பாதியைப் புரிஞ்சிக்கிட்டார்னு தெரியல. பஸ்ல பண்ருட்டி வர்ற வரைக்கும் அவர் கை வயித்து மேலயே இருந்துச்சு, உள்ள ஏதாவது அசையுதான்னு பார்க்கிற மாதிரி. பிள்ளையுண்டான பொம்பளைங்க அப்படித்தான் கை வெச்சிருப்பாங்க. எனக்குப் பார்க்கவே பிடிக்கல, "கையை எடுங்க"ன்னு அதட்டினேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல, ஒரு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்னு போனவர் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டுத் திரும்பி வந்தார். கன்வேயர் பெல்ட் பக்கத்துல வழுக்கி விழுந்தேன்னார். அன்னையிலேர்ந்து இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போக ஆரம்பிச்சார். "ஏன், இவ்ளோ நாளா கூடத்துல போட்டுக்கலையா?"ன்னு கேட்டா, "அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னார். பேனாவுல மருந்து குறையுதான்னு நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். ஒழுங்கா குறைஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வாழை மரமும் அந்த வருஷம் என்னவோ தளதளன்னு இருந்துச்சு. வாசனை வந்தது இதுக்கெல்லாம் பின்னாடிதான்.

அந்தச் சமயத்துல மாமா சம்சாரம் முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்து வந்தாங்க. ஊர் போனதுக்கப்புறம் அங்கதான் அவங்க குடியிருக்காங்க. முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. எனக்கு ஓரகத்தி, அக்கான்னு கூப்பிடுவேன். எப்ப வந்தாலும் வாசல்லேர்ந்தே பேச்சை ஆரம்பிச்சிடுவாங்க. அன்னைக்குப் படியில ஒரு காலை வெச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. மூக்கு விடைச்சுது. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"என்னக்கா?"

"அவரு வந்துக்கினு இருக்காரு."

"யாரு?"

"உங்க மாமாதாம்மா. வேற யாரு? கடைசியா படுத்த படுக்கையா இருந்தப்ப வூடு முச்சூடும் இந்த வாசனதான். யாரோ பழம் அறுத்து வெச்சிக்கினு இருக்காங்கன்னு நானு தெருத்தெருவா போயி கேட்டேன். யாரும் அறுக்கல. அவரு தம்பியத் தேடிக்கினு வந்துட்டாரு."

எனக்கு இந்த மாதிரி பேச்செல்லாம் ஆகவே ஆகாது. வேற யாராவது சொல்லியிருந்தா அங்கேயே நாலு கேட்டிருப்பேன். ஆனா பூட்டின வீட்டுலேர்ந்து எழுந்து போற வாசனையை நான் பார்த்தவளாச்சே. இவர் பின்னாடியே வந்து, இவர் பின்னாடியே போற வாசனை. "இவரைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்காரா?"ன்னு கேட்டுட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயிலேர்ந்தா இப்படி வந்துச்சுன்னு திக்குன்னுச்சு.

அக்கா என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. "அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா. பசிச்சு வந்திருப்பாரு. படையல் போட்டுடலாம். தம்பி கையால வாங்கித் தின்னுட்டா போயிடுவாரு."

அதுதான் இவங்க வழக்கம். செத்தவங்க கனவுல வந்தாலோ, இப்படி வீட்டைச் சுத்தினாலோ, அவங்களுக்குப் பிடிச்சதை இலையில வெச்சு, சாம்பிராணி காட்டி, காக்காய்க்கு ஒரு பிடி வெச்சிட்டு, ரத்த சொந்தம் முதல்ல அந்த இலையிலேர்ந்து எடுத்துச் சாப்பிடணும். அவன் சாப்பிட்டா செத்தவன் சாப்பிட்ட மாதிரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூடத்துல மாமா போட்டோவை வெச்சு இலை போட்டோம். மீன் குழம்பு, முட்டை, ஒரு கட்டு பீடி. நடுவுல பலாச்சுளை. என் சட்டத்தை நானே உடைச்சு, பழத்தை நானே படி தாண்டித் தூக்கிட்டு வந்தேன்.

அதிசயம் என்னன்னா, நெஜப் பழத்தை அறுத்து வெச்சதுக்கு அப்புறமும் அந்த இன்னொரு வாசனை தனியா தெரிஞ்சுது. இலையில ஒண்ணு, கூடத்துல ஒண்ணு. ரெண்டும் கலக்கவே இல்ல. நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாங்க.

இவர் சம்மணம் போட்டு உக்காந்தார். உக்காரும்போதே மூச்சு வாங்குச்சு. அக்கா ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி, அழுதுக்கிட்டே வாயில வெச்சாங்க. "தின்னுங்க, அண்ணனுக்காகத் தின்னுங்க." இவர் கண்ணை மூடிக்கிட்டு மென்னார். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் அவரே எடுத்துக்கிட்டார். அத்தனை வருஷம் காவல் காத்த நான், வேணும்னா இன்னும் ரெண்டு எடுத்துக்கங்கன்னு இலையை அவர் பக்கம் நகர்த்தி விட்டேன். மாமா நிம்மதியா போகட்டும்னு மனசார வேண்டிக்கிட்டேன்.

சாயங்காலம் வாந்தி எடுத்தார். வயிறு சுருட்டிப் பிடிக்குதுன்னார். பழம் ஒத்துக்கலன்னு சீரகத் தண்ணி வெச்சேன். அதையும் வாந்தி எடுத்துட்டு, சுவர்ல சாய்ஞ்சு உக்காந்து மூச்சு விட ஆரம்பிச்சார். அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்ல. ஓடி வந்தவன் மூச்சு மாதிரி ஆழமா, வேகமா, ஆனா ஆள் ஆடாம அசையாம உக்காந்திருக்கார். கூப்பிட்டா ரொம்ப தூரத்துலேர்ந்து திரும்பிப் பார்க்கிற பார்வை. அக்கா, "அவரு இன்னும் போகல, தம்பி மேல ஏறிட்டாரு"ன்னு வேப்பிலை எடுக்க ஓடினாங்க. நான் ஈரத் துணியால இவர் வாயைத் துடைக்கக் குனிஞ்சேன்.

அவர் மூச்சு என் மூஞ்சியில அடிச்சுது. அதே வாசனை. இத்தனை நாளா கட்டிலுக்கு அடியிலயும் லாஃப்ட்டுலயும் நான் தேடினது இவர் வாய்க்குள்ளேர்ந்து வருது.

"ஐயோ கடவுளே!"ன்னு நான் போட்ட சத்தத்துல மேல் வீட்டுக்காரங்க இறங்கி ஓடி வந்தாங்க. அவங்க பையன் கார்லதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டியூட்டியில இருந்த டாக்டர் சின்னப் பொண்ணு. ஸ்ட்ரெச்சர்கிட்ட வந்ததும் வராததுமா மூக்கைச் சுளிச்சு, "இன்சுலினை நிறுத்திட்டாரா?"ன்னு கேட்டுச்சு. "இல்லவே இல்ல, பேனா குறைஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, நான் தினம் பார்க்கிறேன்"னு நான் சண்டைக்கே போயிட்டேன். அப்பதான் ஸ்ட்ரெச்சர்லேர்ந்து இவர் குரல் வந்துச்சு.

"வாழைக்குப் போட்டேன்."

ஒரு பெரிய ஊர்ல, மாடியில நடக்கிற ஏதோ ஒரு கிளினிக். ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனது அங்கதான். அங்க டாக்டர்னு சொல்லிக்கிட்டவன், இடுப்பு எலும்புலேர்ந்து எதையோ உறிஞ்சி எடுத்து, அதையே எப்படியோ மாத்தி, திரும்ப உடம்புல ஏத்தி அனுப்பியிருக்கான். "வாழையை வெட்டினா பக்கத்துல கன்னு வருதில்ல? அதேதான் ஸ்டெம் செல். ஆனா இன்சுலின் ஊசி போட்டீங்கன்னா குருத்து சோம்பேறி ஆயிடும், வளராது"ன்னு சொல்லியிருக்கான். இவரும் நம்பிட்டு, நான் பேனாவைப் பார்ப்பேன்னு தெரிஞ்சு, தினமும் பின்பக்கம் போய் வாழைத் தண்டுல குத்திட்டு வந்திருக்கார். அந்த வாழையை அப்புறமா நான் என் கையால வெட்டிப் போட்டேன். அது ஒரு பாவமும் பண்ணலதான், ஆனாலும் பார்க்கப் பொறுக்கல.

டாக்டர் பொண்ணு விளக்கிச் சொல்லிச்சு. இன்சுலின் இல்லாட்டி உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாம கொழுப்பை எரிக்குமாம். அதுல ஒரு விஷம் சேருமாம், மூச்சுல பழ வாசனையா வருமாம். கணையத்துல கல் இருக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு முத்தாது, அதான் இத்தனை நாள் இழுத்திருக்குன்னுச்சு. "அவருக்கு மட்டும் ஏன் வாசனை தெரியல?"ன்னு கேட்டேன். "தன் மூச்சு தனக்குத் தெரியாதும்மா"ன்னுச்சு.

வாசல்ல அக்கா வேப்பிலையைக் கையில வெச்சிக்கிட்டே நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் போய்ச் சொன்னதும், "அப்ப அவருக்கும் இதானா? கடைசியில வந்த வாசனை?"ன்னு கேட்டாங்க. இருக்கலாம்னு சொன்னேன். அவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. பாவம், தெருத்தெருவா பழத்தைத் தேடிப் போனவங்க.

கண்ணு முழிச்சப்புறம் இவரை நான் விட்டேனா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். நர்ஸு வந்து சத்தம் போடாதீங்கன்னாங்க, அவங்களையும் சேர்த்துத் திட்டினேன். எல்லாம் கேட்டுட்டு இவர் மெதுவா சொன்னார், "சக்கரைக்காக இல்லடி. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வரும்னு பயம். புதுசா ஒண்ணு மொளச்சிட்டா பழசு கெட்டுப் போகாதுன்னு நெனச்சேன்." அதுக்கு மேல என்னால திட்ட முடியல. அந்தக் கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு அழுதேன். செத்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் சாகுங்கன்னு சொன்னேன்.

வயித்து வலி விடலன்னு ஸ்கேன் எடுத்தாங்க. கல்லுக்கு நடுவுல கல்லா இல்லாத ஒண்ணு இருந்துச்சு.

சென்னை டாக்டரம்மா ஸ்கேனை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "சின்னதா இருக்கு. இன்னும் வெளிய போகல. இந்தச் சமயத்துல படம் எடுக்காம இருந்திருந்தா, வலி வந்து நீங்க வர்றப்போ நேரம் கடந்திருக்கும்"னாங்க. கணையத்தை முழுசாவே எடுத்துடணும்னு முடிவாச்சு. இவர் அப்பவும் விடல. எடுக்கிற கணையத்துலேர்ந்து நல்ல அணுவை மட்டும் பிரிச்சுத் திரும்ப வெக்க முடியாதான்னு கேட்டார். "வெறும் கல் மட்டும் இருக்கிற சிலருக்கு அப்படிப் பிரிச்சுக் கல்லீரலுக்குள்ள வெக்கிறது உண்டு. ஆனா புத்து இருந்த இடத்துலேர்ந்து எடுத்து வெச்சா, எதை வெக்கிறோம்னு யாருக்குத் தெரியும்?"னாங்க. அதுக்கப்புறம் அவர் ஸ்டெம் செல் பேச்சையே எடுக்கல. அது வர்ற காலத்துல நம்ம பசங்களுக்கு உதவட்டும்னு மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த புதுசுல, கட்டில்ல படுத்துக்கிட்டு, தையல் போட்ட வயித்துக்கு மேல, தொடாம, காத்துல கையை வெச்சுக் காட்டுவார். "இங்கதான் இருந்துச்சி." ஜன்னலைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவேன்.

இப்போ ஊசி என் கையால. நாலு வேளையும் நானே போடுறேன். சோத்தோட செரிமானத்துக்கு மாத்திரை. காலையில பல் விளக்கிட்டு வந்ததும் என் முன்னாடி நிக்கணும். "ஊதுங்க"ம்பேன். "வண்டிய நிறுத்தி ஊதச் சொல்ற போலீஸ்காரனெல்லாம் உங்கிட்ட தோத்தான்டி"ம்பார். ஊதுவார். வெறும் பேஸ்ட் வாசனை. அது வந்தாத்தான் எனக்கு அன்னைக்கு விடிஞ்ச மாதிரி.

இந்த ஆனி மாசம் அவருக்கு மறுபடியும் ஸ்கேன். மிச்சமிருந்த ஒரு வேராவது துளிர்த்திருக்கான்னு பார்க்கிற ஸ்கேன். அவர் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தார். நல்லாத்தானே இருக்கேன், அடுத்த வாரம் பாக்கலாம், வெயில் தாழட்டும். பயம்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான், அதனால நானும் அடிச்சுச் சொல்லாம இருந்தேன்.

போன வாரம் காலையில தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன். வாசனை வந்துச்சு.

கரண்டி கீழ விழுந்துடுச்சு. அதேதான். இன்னைக்கோ நாளைக்கோங்கிற பக்குவத்துப் பழம். அடுப்பை அணைச்சேனோ இல்லையோ, கூடத்துக்கு ஓடினேன். அவர் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தார். "ஊதுங்க!"ன்னேன். "இப்பதானே ஊதினேன்"னார். "ஊதுங்கன்னு சொல்றேன்ல!" ஊதினார். ஒண்ணுமில்ல. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன், சரியா இருந்துச்சு. திரும்பவும் ஊதச் சொன்னேன். நான் திரும்பத் திரும்பக் கேட்கிறதைப் பார்த்து அவர் பேப்பரைக் கீழ வெச்சிட்டார். எனக்கோ வாசனை ஏறிக்கிட்டே போகுது, அடுக்களையிலேர்ந்து கூடத்துக்கு வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது. திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சா, மெஷின்ல தெரியாத வேற ஏதாவதா, எந்த டாக்டருக்குப் போன் போடுறதுன்னு எனக்கு ஒண்ணுமே ஓடல.

அப்போ அவர் மூக்கைத் தூக்கி மோந்தார். வாசல் பக்கம் பார்த்தார்.

"யாருடி பலாப்பழம் கொண்ணாந்தது?"

"என்ன சொன்னீங்க?"

"வாசன வருதே. உனக்கு வரல?"

அப்படியே தரையில உக்காந்துட்டேன். தன் மூச்சு தனக்குத் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது காதுல கேட்டுச்சு. போன வருஷம் அத்தனை நாளும் இவருக்கு வரல, இன்னைக்கு வருது. அப்போ இது இவர் இல்ல. இவர் உடம்புலேர்ந்து வரல. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா பொங்கி வந்துச்சு. அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தார். வாசல்ல யாரும் இல்ல. படிக்கு வெளிய சுத்தமா பெருக்கின தரைதான் இருந்துச்சு. மேல் வீடு பூட்டியிருந்துச்சு, பின்பக்கம் நான் வெட்டின வாழைக்கட்டைல புதுக் கன்னு ஒண்ணு எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

பேயைக் கண்டு இவ்ளோ சந்தோஷப்பட்டவ இந்த டவுன்ஷிப்புலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். "வாங்க மாமா"ன்னேன், கண்ணைத் துடைச்சிக்கிட்டு. "உள்ள வாங்க. இந்த வருஷம் படி தாண்டலாம்."

அப்புறம் இன்சுலின் பேனாவை எடுத்து அவர் வயித்துல குத்தினேன். நாளைக்குக் காலையில முதல் பஸ்ல ஸ்கேனுக்குப் போறோம்னேன். அவர் சரின்னார்.